மந்திரி குமாரி: நாடாவில் விடுபட்ட முடிவு

வணக்கம். உங்கள் அப்பா தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து, ஏற்காட்டு வீட்டில் பாதுகாத்த 'மந்திரி குமாரி' திரைப்படத்தின் வீடியோ நாடா, 'வாராய் நீ வாராய்' பாடலோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று மணி நேர நாடாவில் விளம்பரங்களும் சேர்ந்து பதிவானதால் கடைசிப் பகுதிக்கு இடமில்லாமல் போயிருக்கும். அக்காலத்தில் பலர் மீதியை வேறொரு நாடாவின் தொடக்கத்தில் பதிந்தார்கள் என்பதால், அவருடைய மற்ற நாடாக்களையும், உறையில் என்ன எழுதியிருந்தாலும், பொறுமையாகப் பாருங்கள். ஆனால் மலையின் ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கருவியில் போடாமல், முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

அந்தப் பாடலுக்குப் பின் என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்ட காட்சி இதுதான். மலையுச்சியை அடைந்ததும் பார்த்திபன், மனைவி அமுதவல்லியைத் தள்ளிக் கொல்லப்போவதாகச் சொல்கிறான். சாகுமுன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கும் அவள், அப்படிச் சுற்றி வரும்போதே பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். இது குண்டலகேசிக் கதையிலிருந்து வந்தது. அந்தக் காப்பியமே முழுமையாகக் கிடைக்காமல் சில பாடல்களாக மட்டும் எஞ்சியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும்.

1950இல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் இது. ஏற்காடு சாலையில் அந்த நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம் நான் நினைப்பது இந்தக் காட்சியைத்தான். முழுப் படத்தையும் இப்போது இணையத்தில் பார்க்க முடிந்தாலும், அப்பாவின் நாடாவை எறிந்துவிடாதீர்கள். அதைக் கணினிக் கோப்பாக மாற்றி வையுங்கள்.