ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு சொல்லும் இன்னும் வரவில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்குப் பிறகுதான் இப்படி என்கிறார் மாமியார். இரத்தம் எடுத்தோ ஸ்கேன் செய்தோ இது ஆட்டிசம்தானா என்று பார்க்க முடியுமா?
— ஒரு தாய், பொகவந்தலாவ

பதில்: முடியாது. பிள்ளை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவு சொல்வார். பார்வை எங்கே போகிறது என்று அளக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு. அதுவும் வைத்தியருக்குத் துணை மட்டுமே.

முதலில் காதைச் சோதியுங்கள். கதவு அடிபட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடக்கூடாது. தடித்த சத்தம் கேட்டு, 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு.

அடுத்தது எம்-சாட் (M-CHAT) என்ற, ஆட்டிச அறிகுறிகள் பற்றிப் பெற்றோரிடம் கேட்கும் கேள்விப்படிவம். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, 20 கேள்விகள். 2, 5, 12 ஆகிய மூன்றுக்கு 'ஆம்' என்றால் ஒரு புள்ளி, மற்றவற்றுக்கு 'இல்லை' என்றால் ஒரு புள்ளி. இதைக் கவனிக்காமல் கூட்டினால் கணக்கே பிழைத்துவிடும். 3 முதல் 7 வந்தால் மேலும் விசாரிப்பார்கள். 8 அல்லது மேல் என்றால் நேரே நிபுணரிடம். இது சல்லடைதான், தீர்ப்பல்ல.

விரல் நீட்டுவது பற்றிய கேள்விகளில் கவனம் தேவை. பிஸ்கட் டின்னைக் காட்டிக் கேட்பது வேறு, பறக்கும் காகத்தைக் காட்டி 'நீயும் பார்' என்று உங்கள் முகத்தைப் பார்ப்பது வேறு. உங்கள் கையைப் பிடித்து டின்மேல் வைப்பது இரண்டுமல்ல. அதைச் சுட்டிக்காட்டல் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒன்பதாம் மாதம் போடுவது எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எதிரானது). அதன்மேல் விழுந்த பழிக்கு வேர், 1998இல் வந்து 2010இல் மீளப்பெறப்பட்ட ஓர் ஆய்வுக்கட்டுரை. டென்மார்க்கில் 6.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு, அந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்கிறது. ஒரு வயதையொட்டித்தான் அறிகுறிகள் கண்ணில் படும், ஊசியும் அதே காலத்தில் போடப்படுகிறது. சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. காரணத்தில் பெரும்பங்கு மரபணுக்களுக்கு. தொடர்புள்ளவை 100க்கும் மேல் தெரியவந்துள்ளன. குறைமாதப் பிறப்பும் பெற்றோரின் கூடிய வயதும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். நீங்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய், தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் (பிள்ளைக் காப்பகத்தில்) விட்டதால் வந்ததல்ல. மூன்று வயது ஊசியையும் தவறாமல் போடுங்கள்.

மிட்வைஃபிடம் சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கேளுங்கள். புது இடத்தில் பிள்ளை அழுவான். ஆகவே சாப்பிடுவது, தனியே விளையாடுவது, கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதை இரண்டு இரண்டு நிமிடம் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். சிங்களம் சரளமாக வராவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரும் கூட வரட்டும். முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அதை இப்போதே தொடங்கலாம்.