மிச்சம் வைத்த பிரேக் ஆயிலும் மூடி திறந்த கேன்களும்: கேள்வி பதில்

வீட்டிலேயே காரைப் பராமரிப்பவர்கள், ஆயில், கூலன்ட் முதலியவற்றை மாற்றுவது பற்றியும், மாற்றியது போக மிஞ்சுவதை எப்படி வைப்பது என்பது பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒன்றரை ஆண்டுக்கு முன் திறந்த பிரேக் ஆயில் பாதி டப்பா இருக்கிறது. மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தேன். நிறமும் மாறவில்லை. இப்போது பயன்படுத்தலாமா?

வேண்டாம். இதில் நம் பேச்சு வழக்கே நம்மை ஏமாற்றுகிறது. பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அதில் ஆயில் கிடையாது. டப்பாவில் எழுதியிருக்கும் தர வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவங்கள். உப்பு ஈரம் இழுப்பதுபோல இவையும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பா பாதி காலியாக இருந்தால், மீதிப் பாதியில் இருப்பது ஈரக் காற்றுதான். இழுத்த ஈரம் திரவத்தோடு முழுமையாகக் கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. எனவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது, சக்கரத்தருகே பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் சூடு திரவத்துக்கு ஏறி, அது கொதித்து ஆவிக் குமிழியானால், மிதிக்கும் விசை அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்து பெடல் தரையைத் தொடும். வண்டிக்குள் இருப்பதையே பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதனால்தான். தேவைக்கு ஏற்ற சிறிய டப்பாவாக வாங்குங்கள். மிஞ்சியதைச் சேமிக்க நினைக்காதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை; பெயர் ஒத்திருக்கிறதே என்று அதை 5.1-உடன் கலந்துவிடக் கூடாது.

கேள்வி: அப்படியானால் மூன்று ஆண்டுக்கு முன் திறந்த என்ஜின் ஆயிலையும் கொட்டிவிட வேண்டுமா?

தேவையில்லை. என்ஜின் ஆயில் ஈரத்தை அப்படி இழுக்காது. மூடி இறுக்கமாக இருந்து, வெயில் படாத இடத்தில் வைத்திருந்தால் சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் கேன் மூச்சு விடும்: பகலில் உள்ளேயுள்ள காற்று சூடேறி விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக் காற்றையும் மூடியின் மேல் தேங்கிய நீரையும் உள்ளே இழுக்கும். கேனை நன்றாகக் குலுக்கி, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தாலோ, குலுக்கிய பிறகும் அடியில் வண்டல் தங்கினாலோ அதை என்ஜினில் ஊற்றக் கூடாது. தெளிவாக இருந்தால், 5டபிள்யூ-30 போன்ற தடிமன் எண்ணும் தரக் குறியீடும் உங்கள் வண்டியின் கையேட்டோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். இடையில் வண்டியை மாற்றியிருந்தால், பழைய வண்டிக்கு வாங்கிய ஆயில் புதியதற்குப் போதாமல் போகலாம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஒரே புனலைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்துகிறேன். தவறா?

பிரேக்கைப் பொறுத்தவரை பெரிய தவறு. அதற்கு நானே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன், என்ஜின் ஆயில் ஊற்றிய புனலைத் துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே பிரேக் திரவத்தை ஊற்றினேன். பிறகொரு நாள் அளவு பார்க்கப் பிரேக் திரவத்தின் மேல்தொட்டியைத் திறந்தால், மூடிக்கு உள்பக்கம் இருக்கும் ரப்பர், அப்பளம் பொரிந்ததுபோல உப்பித் தன் பள்ளத்தில் உட்கார மறுத்தது. பிரேக்கில் உள்ள ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் என்ற வகை. அது கிளைக்காலைத் தாங்கும், பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊதிவிடும். மூடியில் உள்ள ரப்பர் ஊதியிருந்தால், பெடலின் விசையைத் திரவத்துக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டரிலும் காலிப்பரிலும் உள்ளவற்றை நம்ப முடியாது. எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தது. ஊற்றிய உடனே தவறு தெரிந்தால் பெடலை ஒருமுறைகூட மிதிக்காதீர்கள்; அது மேல்தொட்டியிலேயே இருக்கும்போது எடுத்துவிட்டால் சேதம் பரவாமல் தடுக்க வாய்ப்புண்டு. இப்போது நான் பிரேக்குக்குப் புனலே வைப்பதில்லை, டப்பாவிலிருந்து நேராகத்தான் ஊற்றுகிறேன். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

கேள்வி: பிரேக் திரவத்தின் அளவு மெல்லக் குறைகிறது, கசிவு எதுவும் தெரியவில்லை. ஊற்றி நிரப்பலாமா?

முதலில் பிரேக் பேடின் தடிமனைப் பாருங்கள். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தைத் திரவம் நிரப்புவதால் மேலே அளவு இறங்கும். இப்போது நிரப்பினால், புதிய பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும் நாளில் அது வழிந்து வெளியேறும். பேடு தேயாமல் அளவு மட்டும் குறைந்தால் அது கசிவுதான். சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

கேள்வி: வண்டியில் பச்சைக் கூலன்ட், கையில் இருப்பது இளஞ்சிவப்பு. கலக்கலாமா? தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லதா?

நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த வேதிப்பொருள் என்று எல்லோருக்கும் பொதுவான விதி இல்லை. ஆகவே ஒரே நிறம் என்பதற்காகக் கலப்பதும் தவறு. கையேடு குறிப்பிடும் வகையைத்தான் பார்க்க வேண்டும். பொருந்தாதவற்றைக் கலந்தால் துருத் தடுப்புப் பொருட்கள் வலுவிழக்கும், சில நேரம் கூழ்போலப் படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும்.

அடர் கூலன்டை அப்படியே ஊற்றுவது நன்மையன்று. எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாக இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தனிக் கிளைக்காலோ மைனஸ் 13 அளவிலேயே உறையும், சூட்டைக் கடத்துவதிலும் அது நீரை விட மட்டம். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரையோ உப்பு நீக்கிய நீரையோ பயன்படுத்துங்கள். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

மிஞ்சிய கூலன்டைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் எடுக்கும். குழந்தைக்கும் நாய், பூனைக்கும் அது நஞ்சென்று தெரியாது. வந்த கேனிலேயே, பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: டீசல் வண்டிக்கான யூரியா திரவக் கேனை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். சரியா?

அவசரத்துக்குச் சில நாட்கள் வைக்கலாம், நிரந்தரமாக வைக்க வேண்டாம். அது டீசல் புகையின் நச்சைக் குறைக்கும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். மைனஸ் 11 டிகிரியில் உறையும், சூட்டில் சிதையும். 30 டிகிரிக்குள் வைத்தால் ஏறக்குறைய ஓராண்டு தாங்குவது, அதற்கு மேல் சூடேறும் இடத்தில் வேகமாகக் கெடும். தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள்; பல வண்டிகளில் அப்போதே பம்ப் ஓடத் தொடங்கிவிடும்.

கேள்வி: கியர் ஆயிலை வடித்துவிட்டேன், மேலே ஊற்றும் போல்ட் திறக்க மறுக்கிறது.

இனி எப்போதும் ஊற்றும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், பிறகு வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். இப்போதைக்கு வண்டியை ஓட்டாமல், ஊடுருவும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் சாக்கெட்டால் முயலுங்கள்.

கேள்வி: கேன்களில் தேதி எழுதினால் கொஞ்ச நாளில் அழிந்துவிடுகிறது. பழைய ஆயிலையும் கூலன்டையும் ஒரே கேனில் சேர்த்து வைக்கலாமா?

மார்க்கர் மையை ஆயில் கரைத்துவிடும். காகித ஒட்டு நாடாவை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் திறந்த தேதியையும் எந்த வண்டிக்கு என்பதையும் எழுதுங்கள். ஆயில் ஊறி நாடா கறுத்தாலும் சாய்த்துப் பார்த்தால் எழுத்து தெரியும்.

வடித்தவற்றை ஒருபோதும் கலக்காதீர்கள். பழைய என்ஜின் ஆயிலைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த முடியும், கூலன்ட் கலந்ததைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எரிந்த பெட்ரோலின் கழிவு சேர்ந்த பழைய ஆயில் நெடுநாள் தோலில் பட்டால் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு என்பதால் கையுறை அணியுங்கள். புதிய ஆயில் வந்த காலிக் கேனிலேயே, ஆறிய பிறகு ஊற்றி, நாடாவில் "பழையது" என்று எழுதி, சேகரிக்கும் இடத்துக்குக் கொடுக்கும் வரை புதிய கேன்கள் இருக்கும் தட்டில் வைக்காமல் தனியாக வையுங்கள்.