மழை பொய்த்தபின் யார் பசிக்கிறார்கள்?

கேள்வி: மழை பொய்ப்பது இயற்கையின் செயல். அணை கட்டப் பொறியாளரும் வானிலையைக் கணிக்க அறிவியலாளரும் இருக்கிறார்கள். வறட்சியைச் சமாளிப்பதில் சமூக அறிவியலுக்கு என்ன வேலை?

பதில்: வறட்சி வானத்தில் தொடங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரே வறட்சியை ஒரு குடும்பம் தாங்கிக்கொள்ள, அடுத்த குடும்பம் ஊரைவிட்டே வெளியேறுவது ஏன் என்பதற்கு மழைமானியில் விடை இல்லை. 1973-இல் எத்தியோப்பியாவின் வோல்லோ மாகாணத்தில் வறட்சியை அடுத்துப் பஞ்சம் வந்தபோது, நாடு முழுவதற்குமான உணவு உற்பத்தி பெரிதாகச் சரிந்துவிடவில்லை என்று பொருளியலறிஞர் அமர்த்திய சென் 1981-இல் எடுத்துக்காட்டினார். விளைச்சலை இழந்த வோல்லோ உழவர்களிடம் வாங்கும் சக்தி இல்லாததால், பசித்தவர்கள் இருந்த அந்த மாகாணத்திலிருந்தே தானியம் வெளியே போயிற்று.

மேய்ச்சல் மக்களின் நிலை இன்னும் கொடியது. தீவனமின்றி மெலிந்த ஆடுமாடுகளை எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருவதால் அவற்றின் விலை விழுகிறது. தானிய விலையோ ஏறுகிறது. ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ தானியம் வாங்கலாம் என்ற எளிய கணக்கைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் முன்னெச்சரிக்கை அமைப்புகள் இன்று மழையளவோடு சேர்த்தே கவனிக்கின்றன. சமூக அறிவியல் தந்த மிகப் பயனுள்ள கருவிகளுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

எச்சரிக்கை மட்டும் போதாது. சோமாலியாவில் பல மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கைகள் வந்தும், 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் உதவி பெருமளவில் திரண்டது. ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. தகவல் கையில் இருந்தும் அரசுகளும் கொடையாளர்களும் ஏன் தயங்கினார்கள் என்பது அரசியலும் நிர்வாகமும் படித்தவர்கள் ஆராய வேண்டிய கேள்வி. அத்தகைய ஆய்வுகளிலிருந்து கிடைத்த தெளிவு, எந்த அளவுகோல் எந்த எல்லையைத் தொட்டால் பணம் செல்ல வேண்டும் என்பதை வறட்சிக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பதாகும். வடக்குக் கென்யாவில் செயற்கைக்கோள் காட்டும் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், வழக்கமாக உதவி பெறாத குடும்பங்களுக்கும் அவர்களது வங்கிக் கணக்கில் பணம் சேரும் ஏற்பாடு இருக்கிறது. கடைசி ஆட்டை விற்பதற்கு முன்பே அந்தப் பணம் கிடைத்துவிட்டால், மழை திரும்பும்போது மந்தையை மீண்டும் பெருக்க அவர்களிடம் ஏதாவது மிஞ்சியிருக்கும்.