எனக்கு இந்தி வரும்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வு பெற்று, போபாலில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பகல் முழுக்க நானும் பேத்தியும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நலம் விசாரிக்கக்கூட இந்தி வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் அருகருகே அச்சிட்ட கையேடு ஒன்றை வாங்கி, இருநூறு வாக்கியங்கள் மனப்பாடம் செய்தேன். கேள்வி கேட்க வருகிறது, பதில்தான் புரியவில்லை. போன வாரம் காய்கறி வண்டிக்காரரிடம் 'கித்னா ஹுவா?' என்று சரியாகவே கேட்டேன். அவர் 'டேட் ஸௌ' என்றார். அப்படி ஓர் எண்ணை என் புத்தகத்தில் பார்த்ததே இல்லை. 500 ரூபாய்த் தாளை நீட்டி, கொடுத்த சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். அன்று இரவு அழுகை வந்தது.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா 1965 போராட்டத்தில் சிறை சென்றவர். இந்தியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் நினைவுக்கு வருகிறது. நான் செய்வது சரிதானா? இந்த வயதில் எனக்கு இந்தி வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்று வந்துவிடுமோ என்ற அச்சத்தில், நம் மொழிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆகும் என்று கேட்டு எழுந்த போராட்டம் அது. ஒரு மொழியைச் சட்டத்தைக் காட்டித் திணிப்பதை உங்கள் அப்பா எதிர்த்தார். நீங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நலம் விசாரிக்க நினைக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே பகை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் முகம் நினைவுக்கு வரட்டும். தலைகுனிய வேண்டியதில்லை.

அப்புறம் அந்த டேட் ஸௌ. டேட் என்றால் ஒன்றரை, ஸௌ என்றால் நூறு. ஒன்றரை நூறு, அதாவது 150 ரூபாய். டாயி என்றால் இரண்டரை, எனவே டாயி ஸௌ 250. மூன்றரையிலிருந்து 'ஸாடே' என்ற சொல்லை முன்னால் போடுவார்கள்: ஸாடே தீன் மூன்றரை, ஸாடே சார் நாலரை. 'ஸவா' வந்தால் கால் கூடுதல், ஸவா ஸௌ 125. 'பௌனே' வந்தால் கால் குறைவு, பௌனே தோ என்றால் ஒன்றேமுக்கால். மணி சொல்வதும் இப்படித்தான். டேட் பஜே என்றால் ஒன்றரை மணி, பௌனே தோ பஜே என்றால் ஒன்றே முக்கால். இந்த ஐந்து சொற்களும் கடைத்தெருவில் ஒவ்வொரு நிமிடமும் புழங்குபவை. கையேடுகள் ஒன்று முதல் நூறு வரை வரிசையாகப் போட்டுவிட்டு இவற்றை விட்டுவிடுகின்றன. நூறு வரையிலான எண்களை இப்போதே முழுதாகப் படிக்க வேண்டாம். அவை ஒரே அச்சில் வார்த்தவை அல்ல, 29ஐ உன்தீஸ் என்பார்கள், 49 உன்சாஸ். பத்து வரைக்கும், பிறகு இருபது, முப்பது என்று பத்துப் பத்தாகவும், கூடவே இந்த ஐந்தும் தெரிந்தால் காய்கறிக்குப் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொன்று. கையேட்டில் ஆங்கிலமும் இந்தியும் அருகருகே இருக்கின்றன என்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். தமிழ் தெரிந்தவர் ஆங்கிலத்தின் வழியாக இந்திக்குப் போவது, வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஊரைச் சுற்றி உள்ளே வருவது மாதிரி. நான் கான்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அமைத்து, இந்திச் சொற்களைப் பொருத்தி, வாய் திறப்பதற்குள் எதிரில் இருந்தவர் போய்விடுவார். ஒருநாள் அலுவலக உதவியாளர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு 'ஹோ கயா?' என்றார். அந்தக் கணம் என் காதில் அது 'ஆயிடுச்சா?' என்றே விழுந்தது. அன்றிலிருந்து ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

நீங்கள் மனப்பாடம் செய்த வாக்கியத்தையே பாருங்கள். கித்னா ஹுவா? எவ்வளவு ஆச்சு? சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம். க்யா ஹுவா என்றால் என்ன ஆச்சு. முஜே சாய் சாஹியே: எனக்கு டீ வேண்டும். முஜே பதா நஹீன்: எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கும் இடத்தில் இந்தியும் தமிழும் 'எனக்கு' என்று தொடங்குகின்றன. வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது: கர் மேன் என்றால் வீட்டில். கூடவே சாய்-வாய் என்பார்கள், நாம் டீ கீ என்பதுபோல. தீரே தீரே என்பார்கள், மெல்ல மெல்ல. தேக் லோ பார்த்துக்கொள், தே தோ கொடுத்துவிடு. இவ்வளவு நெருக்கமான வாக்கிய அமைப்பு கையில் இருக்கும்போது இருநூறு வாக்கியங்களை ஏன் சுமக்க வேண்டும்?

மரியாதையும் அப்படியே. ஆங்கிலத்தில் 'தயவுசெய்து' என்று தனிச்சொல் வேண்டும். அதைத் தேடிப் போனால் கையேடு 'க்ருபயா' என்று சொல்லித் தரும். அது ரயில் நிலைய அறிவிப்பில் கேட்கிற சொல், காய்கறி வண்டியில் யாரும் சொல்வதில்லை. நமக்குக் 'கொடுங்கள்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது. இந்தியில் அது 'தீஜியே'. பைடியே உட்காருங்கள், போலியே சொல்லுங்கள். முன்னிலைக்கு மூன்று சொற்கள் உண்டு: ஆப், தும், தூ. நம் 'நீங்கள்' போன்ற 'ஆப்' ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரைப் 'பையா' என்று கூப்பிடுங்கள், நம் 'அண்ணே' போல. உங்களைவிட இளையவரானாலும் அப்படியே அழைக்கலாம்.

சொற்களிலும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாக்கி, வசூல், ரத்து, நகல், அசல், தயார் எல்லாம் இந்திக்காரருக்கும் புரியும். சில மட்டும் வழிமாற்றிவிடும். 'ஸவால்' அங்கே வெறும் கேள்வி. 'அவ்ஸர்' என்றால் வாய்ப்பு, நம் அவசரம் அல்ல. 'கல்' என்பது நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், வினையை வைத்துத்தான் எந்த நாள் என்று தெரியும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் மூன்று உண்டு. முதலாவது ஹை. 'இது என் வீடு' என்று நாம் முடித்துவிடுவோம். இந்தியில் 'யஹ் மேரா கர் ஹை' என்று அந்த ஹை வேண்டும். அடுத்தது ஆண்பால் பெண்பால். 'நான் போகிறேன்' என்று தமிழில் யாரும் சொல்லலாம். இந்தியில் ஆண் ஜாத்தா ஹூன் என்பார், பெண் ஜாத்தீ ஹூன் என்பார். கையேடுகள் பெரும்பாலும் ஆண்பாலையே அச்சிடுகின்றன. உங்கள் புத்தகத்தில் 'நான்' வரும் இடங்களில் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். ரொட்டி பெண்பால், பானீ ஆண்பால் என்கிற கணக்கையெல்லாம் இப்போது விட்டுவிடலாம். பிழையாகச் சொன்னாலும் தண்ணீர் வரும்.

மூன்றாவது மூச்சு. இதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கும். இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் இந்தப் பதிலில் அப்படித்தான் எழுதுகிறேன், ஆனால் அது பாதி உண்மைதான். 'கானா' என்று எழுதினால் அது சாப்பாடா, பாட்டா? 'கர்' என்றால் வீடா, செய் என்ற ஏவலா? அவர்கள் காதில் இவை வெவ்வேறு ஒலிகள். சாப்பாட்டுக் கானாவின் ககரம் மூச்சோடு வெடிக்கும், பாட்டுக் கானாவில் 'தங்கம்' என்னும்போது வருகிற மென்மையான ககரம். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். சாப்பாட்டுக்குக் காற்று கையில் பட வேண்டும், பாட்டுக்குப் படக் கூடாது.

இதற்காகவே தேவநாகரி எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், வரிசை நமக்குத் தெரிந்ததுதான். உயிரெழுத்து அ, ஆ, இ, ஈ என்றே தொடங்குகிறது. மெய்யில் நாம் க, ங, ச, ஞ, ட, ண என்று இரண்டிரண்டாகச் சொல்கிறோம் அல்லவா? அங்கே ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே இன்னும் மூன்று எழுத்துகள், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே மூன்று, ப, ம வரை இதே கணக்கு. நம் எழுத்துகள் ஒவ்வொரு வரிசையின் முதலும் கடைசியும். நடுவில் இருப்பதை நிரப்பினால் போதும். பேத்தி எழுதப் பழகும் வயதில் இருந்தால் அவளோடு சேர்ந்து எழுதுங்கள்.

கடைசியாக, எனக்கு இந்தி வருமா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியே இந்தி வாக்கியம்தான். ஒரு மொழி தெரியும் என்பதை அவர்களும் 'வரும்' என்றுதான் சொல்கிறார்கள். முஜே ஹிந்தீ தோடீ தோடீ ஆத்தீ ஹை. எனக்கு இந்தி கொஞ்சம் கொஞ்சம் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், அவரே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். குறைக்காவிட்டால் 'தீரே போலியே', மெதுவாகச் சொல்லுங்கள். அப்போதும் பிடிபடவில்லையென்றால் 'ஃபிர் ஸே போலியே', மறுபடி சொல்லுங்கள். இருநூறு வாக்கியங்களில் இந்த மூன்றும் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.

நாளை வண்டி வரும்போது எதையும் கிலோவாக வாங்க வேண்டாம். கால் கிலோவுக்கு அங்கே 'பாவ்' என்பார்கள். ஏக் பாவ் பிண்டீ (வெண்டைக்காய்), ஏக் பாவ் டமாட்டர் (தக்காளி) என்று நாலு காயைத் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விலை விசாரியுங்கள். வீட்டுக்குப் போவதற்குள் நாலு எண்கள் காதில் விழுந்திருக்கும். சில்லறையை அவர் முன்னாலேயே, வாய்விட்டு, இந்தியில் எண்ணி வாங்குங்கள்.