முதலில் மாடு, அப்புறம் குதிரை

கேள்வி: எனக்கு ஊர் வியாசர்பாடி. கால்நடை மருத்துவப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். முதலாண்டில் படித்த உடற்கூறியல்தான் இன்றுவரை மனசுக்குப் பிடித்த பாடம். தாத்தா அந்தக் காலத்தில் ராயபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். அதனாலோ என்னவோ, குதிரை நடப்பதைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவேன். உடற்கூறியல் ஆசிரியராகி, குதிரையின் நடையையும் ஓட்டத்தையும் ஆராய ஆசை. வீட்டில், 'டாக்டருக்குப் படித்துவிட்டு எலும்பை எண்ணப் போகிறாயா?' என்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு இது நடக்கிற காரியமா? பிழைப்பு ஓடுமா?

பதில்: நடக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற வரிசையில் நடக்காது. உங்கள் கடிதத்தில் குதிரைதான் முன்னால் நிற்கிறது, ஆசிரியர் வேலை அதற்கு ஏறிப்போகிற வண்டி மாதிரி பின்னால் வருகிறது. உண்மையில் வாழ்க்கை முழுக்க நீங்கள் செய்யப்போவது ஆசிரியர் வேலையைத்தான். குதிரைக்கு, மிச்சப்படும் நேரம்தான் கிடைக்கும். முப்பது வருடம் உடற்கூறியல் அறுவைக்கூடத்தில் நின்றவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிப்பைப் பற்றி உங்களுக்கே தெரியும். நாலரை வருடப் பாடம், ஒரு வருடப் பயிற்சி, ஆக ஐந்தரை வருடம். அப்புறம் உடற்கூறியலில் முதுகலை இரண்டு வருடம், முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. எனவே பிழைப்பு ஓடும். உங்களோடு படித்தவர் நாய், பூனைக்கென்று சொந்தமாக கிளினிக் போட்டு உங்களைவிட அதிகம் சம்பாதிப்பார், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சென்னை வேப்பேரிக் கல்லூரியிலேயே காலம் தள்ளிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நமது கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு இப்போது நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலை, தேனி என்று கிளை பரவிவிட்டது. முதல் வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இப்போது குதிரைக்கு வருவோம். நம் கல்லூரிகளில் உடற்கூறியலுக்கு மூலபாடம் மாடு. மாட்டை முழுக்கச் சொல்லிவிட்டு, 'குதிரையில் இது இப்படி வேறுபடும்' என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் முறை. குதிரைக்கு மட்டும் என்று ஓர் ஆசிரியர் பதவி கிடையாது. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். மாட்டின் காலைத் தெரிந்தவருக்குத்தான் குதிரையின் கால் எவ்வளவு விசித்திரமானது என்று உறைக்கும்.

அடுத்த முறை குதிரையின் முன்னங்கால் ஒன்று மேசைக்கு வந்தால் இதைச் செய்து பாருங்கள். தோலை உரித்து, முழங்காலுக்குக் கீழே தசையைத் தேடுங்கள். பேருக்குக்கூட இருக்காது. எல்லாம் தசைநாண்கள், வெள்ளை வெளேரென்று கயிறு மாதிரி. குளம்பை மேசையில் ஊன்றி, மேலிருந்து உங்கள் முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். கணுமூட்டு தரையை நோக்கி இறங்கும், பின்பக்கத்து நாண் வீணைத் தந்தி போல விறைக்கும். கையை எடுத்ததும் மூட்டு துள்ளி எழும். செத்த கால் துள்ளுகிறது! ஓடுகிற குதிரை ஒவ்வோர் அடியிலும் இந்த வில்லை இழுத்து விட்டுத்தான் ஓடுகிறது. மாடு காலுக்கு இரண்டு விரலை ஊன்றுகிறது, குதிரை நடுவிரல் ஒன்றை மட்டும்தான். நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை விழும். 400 கிலோ குதிரை என்றால், ஒரு டன் சுமை ஒற்றை விரலில். அந்த நேரத்தில் நாணின் உள்மையம் 45 டிகிரி வரை சூடேறும் என்று அளந்திருக்கிறார்கள். பந்தயக் குதிரைகளுக்கு நாண் கிழிவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம். உங்கள் வீட்டார் சொன்ன 'எலும்பை எண்ணுவது' இதுதான்.

குதிரையின் நடையை நம்மவர்களும் சும்மா விடவில்லை. மயூர கதி, வானர கதி என்று ஐந்து கதியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த நொடியில் எந்தக் கால் தரையில் இருக்கிறது என்று வெறுங்கண்ணால் சொல்ல யாராலும் முடியவில்லை. 1878-ல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குறுக்கே நூல் கட்டி, ஓடுகிற குதிரையே நூலை அறுத்துத் தன்னைப் படம் பிடித்துக்கொள்ளும்படி செய்தார். நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும்புவது தெரிந்தது. அதுவும் ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்களை நீட்டிக்கொண்டு அல்ல, வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் மாரே என்பவர் குளம்புக்கு அடியில் காற்றுப்பை வைத்து, அது அமுங்கும் நேரத்தைப் பதிவு செய்தார். கால் ஊன்றும் விசையை அளக்கும் இன்றைய விசைத்தட்டுக்கும் உணர்கருவிக்கும் அவர்தான் பாட்டன்.

நீங்கள் 12 கேமரா வாங்க வேண்டாம். நல்ல கைபேசிகளில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கிறது. சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிநொடி இடைவெளி. 240 என்றால் அது சுமார் 4 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். துள்ளுநடையில் (ஆங்கிலத்தில் trot) ஒரு குளம்பு தரையில் இருப்பதே கால் நொடி, சொச்சம். இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. கினோவியா என்ற மென்பொருள் இலவசம், அதில் மூட்டின் கோணத்தை அளக்கலாம். பைத்தான் என்ற கணினி மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் டீப்லேப்கட் என்ற மென்பொருள் இருக்கிறது. மூட்டின்மேல் அடையாளத்துக்கு ஒட்டும் ஒட்டுப்புள்ளி எதுவும் இல்லாமலே மூட்டுகளைத் தானாகப் பின்தொடரும், அதுவும் இலவசம்.

ஒட்டுப்புள்ளி என்றதும் என் சொந்தக் கதை ஞாபகம் வருகிறது. இளம் வயதில் ஒரு லாயத்தில் அனுமதி வாங்கி, வெள்ளைக் காகிதத்தை வட்டமாக வெட்டி, குதிரையின் தோள், முழங்கை, கணு என்று மூட்டுக்கு மூட்டு ஒட்டினேன். சித்திரை வெயில். இரண்டு சுற்று ஓடுவதற்குள் வியர்வையில் பாதி உதிர்ந்துவிட்டது, ஒன்றைக் குதிரையே தின்றது. மிச்சத்தை வைத்து வாரக்கணக்கில் அளந்தபிறகுதான் புரிந்தது: தோள்பக்கம் எலும்பின்மேல் தோல் வழுக்குகிறது, புள்ளி போன வழி எலும்பு போன வழி அல்ல. கணுவில் இந்தத் தொல்லை குறைவு. அந்த அளவுகள் ஒன்றுக்கும் உதவவில்லை. நீங்கள் கீழ்க்காலில் தொடங்குங்கள்.

குதிரைக்கு எங்கே போவது? உங்கள் பக்கமே கல்யாண சாரட்டுக்குக் குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காவல்துறைக்குக் குதிரைப் படை இருக்கிறது, அதற்கு முறையாகக் கல்லூரி வழியாகக் கடிதம் போக வேண்டும். குதிரைக்காரரிடம் போகும்போது கேமராவை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். டீ குடியுங்கள், லாடம் கட்டுபவர் வருகிற நாளில் கூட நில்லுங்கள். தார்ச்சாலையில் நாள் முழுக்க நடக்கிற, அதிகம் கவனிக்கப்படாத இந்தக் குதிரைகளின் கால்தான் நம் ஊர் ஆராய்ச்சிக்குச் சரியான பொருள். மேல்நாட்டு ஆய்வுகளில் பெரும்பகுதி பந்தயக் குதிரையையும் சவாரிக் குதிரையையும் பற்றியது. நம் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்கு ரெவால் என்று ஒரு தனி நடையே உண்டு, அதை நம்மைத் தவிர யார் அளப்பார்கள்? ஆய்வேடாகச் செய்யும்போது விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம், இதில் அலட்சியம் கூடாது.

முதுகலைக்குச் சேரும்போது வழிகாட்டியிடம், 'இயந்திரப் பொறியியல் துறையிலிருந்து ஒரு துணை வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்காதவர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிளஸ் டூவோடு விட்டுப்போன இயற்பியலைத் தூசு தட்டுங்கள். விசை, திருப்புவிசை, முடுக்கம் இந்த மூன்றும் போதும். முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு என்றால், லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியிலும் ஸ்வீடனின் உப்சாலாவிலும் இந்தத் துறை வேரூன்றியது. அங்கே கேட்கப்போவது மதிப்பெண்ணைவிட, 'கையில் என்ன தரவு வைத்திருக்கிறாய்?' என்பதைத்தான்.

ஃபார்மலினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கண் எரிச்சல் பழகிவிடும் என்று சீனியர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகளவில் பட்டியலிடப்பட்டது. காற்றோட்டம், கையுறை, சரியான முகக்கவசம் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. முதலாண்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு, ஒரு மாதம், தோள்மூட்டைச் சொல்லிக்கொடுங்கள். குதிரைக்குத் தோளையும் மார்பையும் இணைக்கும் காறையெலும்பு இல்லை, உடம்பு முன்னங்கால்களுக்கு நடுவே தசைத் தொட்டிலில் தொங்குகிறது என்பதை நாலாவது தடவை விளக்கும்போதும் உங்களுக்கு அலுக்கவில்லை என்றால் உடற்கூறியலுக்கு வாருங்கள். அலுத்தால், அறுவை சிகிச்சைத் துறையில் சேர்ந்தும் குதிரைக் காலைப் பார்க்கலாம், தப்பில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை அழைத்துக்கொண்டு சாரட்டுக் குதிரை வைத்திருப்பவர் வீட்டுக்குப் போங்கள். கெட்டித் தரையில் குதிரையைத் துள்ளுநடையில் நேராக ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். லேசான நொண்டலில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகாது. நீங்கள் படம் எடுங்கள். தாத்தாவைக் கண்ணை மூடிக்கொண்டு லாடச் சத்தத்தை மட்டும் கேட்டு, நடை சீராக இருக்கிறதா, எந்தப் பக்கம் தட்டுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் வீடியோவைப் போட்டுப் பாருங்கள்.