கோழித் தீன்: முட்டைக்கு எது, இறைச்சிக்கு எது?

வன்னியில் கோழி வளர்ப்பவர்கள் தீனைப் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள். லேயர் என்பது முட்டைக்கான கோழி, புறொயிலர் என்பது இறைச்சிக்கான கோழி. கோழியின் வயதைக் குறிப்பிடாமல் கேட்டவர்களுக்கு முழுப் பதில் தர வழியில்லை. தீனைத் தீர்மானிப்பதில் பாதி வயதுதான்.

விசுவமடு: அண்ணை, லேயர் 50 நிக்குது, 14 கிழமை. இப்பவே லேயர் தீனைத் தொடங்கினால் கெதியா முட்டை வருமெண்டு சொல்லுறாங்கள். போடலாமோ?

வேண்டாம் தம்பி. முட்டையிடும் பேட்டின் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் இருக்கும். வளரும் பேட்டுக்கு 1 வீதமே போதும். மிச்சத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது பழுதானால் கோழி உடனே சாகாது. முட்டைக் காலம் உச்சத்துக்கு வரும்போது ஒவ்வொன்றாக விழும், அப்போது தீனை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள். எட்டுக் கிழமை வரை 20 வீதப் புரதமுள்ள குஞ்சுத் தீன், அதன்பிறகு 15–16 வீதமுள்ள குறோவர், அதாவது வளரும் கோழிக்கான தீன். கொண்டை சிவந்து முதல் முட்டைகள் விழும்போது, பெரும்பாலும் 17–18 கிழமையில், லேயர் தீனுக்கு மாறுங்கள். ஒரே நாளில் மாற்றினால் தின்னாமல் ஒதுங்கும். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு கிழமைக்குள் மாற்றி முடியுங்கள்.

நெடுங்கேணி: மில்லில தவிடும் குறுணலும் மலிவு. லேயருக்கு அது மட்டும் போதாதோ? இல்லாட்டி நானே கலக்க ஒரு கணக்குத் தாங்கோ.

போதாது அக்கா. ஒரு லேயர் நாளுக்கு 110–115 கிராம்தான் தின்னும். அந்த அளவுக்குள் 17 வீதப் புரதம் இருந்தாக வேண்டும். தவிட்டில் புரதம் சுமார் 12 வீதம், குறுணலில் 8 வீதம். இரண்டிலும் கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். தவிட்டிலுள்ள பொஸ்பரசில் பெரும்பகுதி கோழிக்குச் சமிக்காத வடிவில் இருக்கிறது. முதலில் சில நாள் உடம்பில் சேர்ந்ததை எடுத்து முட்டையிடும், பிறகு நிறுத்திவிடும்.

100 கிலோவுக்கு இப்படிக் கலக்கலாம்: உடைத்த சோளம் 46, தவிடு 15, சோயாப் புண்ணாக்கு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 6, உப்புப் போடாத மீன்தூள் 3, சிப்பித் தூள் அல்லது சுண்ணாம்புக்கல் குருணை 8.5, டைகல்சியம் பொஸ்பேற் (கல்சியமும் பொஸ்பரசும் தரும் தூள்) 1.2, உப்பு 0.3 கிலோ. இதோடு கோழிக்கான விற்றமின்-கனிமக் கலவை 250 கிராம், மெதியோனின் (புரதத்தின் கூறான ஓர் அமினோ அமிலம்) 100 கிராம். புரதம் 17.5 வீதத்தை ஒட்டி வரும். மெதியோனின் கிடைக்காவிட்டால் சோயாவில் 3 கிலோவைக் குறைத்து எள்ளுப் புண்ணாக்குப் போடுங்கள். எள்ளில் மெதியோனின் அதிகம், லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலம் குறைவு. ஆகவே சோயாவுக்கு முழு மாற்றாக வராது. சிறு அளவில் போகும் சாமான்களை முதலில் 2 கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, அதைப் பெரிய குவியலில் சேர்க்க வேண்டும். நேரே கொட்டினால் ஒரு கோழிக்கு அளவு மிஞ்சும், பத்துக்கு ஒன்றுமே கிடைக்காது.

இரண்டு எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பு போடவே கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும். சொந்தத் தோட்டத்துச் சோயாவை வறுக்காமல் அரைத்துப் போட்டால் அதிலுள்ள பொருள் புரதச் சமிபாட்டைத் தடுக்கும், எவ்வளவு போட்டும் வளராது.

தவிடு வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள். மேலே நிறைய மிதந்தால் உமி. காறல் மணம் வந்தால் விட்டுவிடுங்கள்.

மல்லாவி: புறொயிலர் தீன் மிஞ்சிக் கிடக்கு. லேயருக்குப் போட்டுத் தீர்க்கலாமோ? மாறியும் போடலாமோ?

இரண்டும் நட்டம். புறொயிலர் தீனில் சக்தி கூட, கல்சியம் 1 வீதத்துக்குள். லேயர் கொழுத்து, முட்டைக் கோது மெலிந்து, முட்டை குறையும். தவிர, அதில் இரத்தக்கழிச்சல் மருந்து சேர்த்திருக்கலாம். அது முட்டைக்குள் போகும். லேயர் தீனைத் தின்ற புறொயிலருக்கு 22 வீதப் புரதம் தேவைப்படும் வயதில் 17 வீதமே கிடைக்கும். கல்சியமோ அளவுக்கு மிஞ்சும். மிஞ்சியதை அடுத்த தொகுதிக்கு வைத்திருங்கள், மாதக்கணக்கில் அல்ல.

முல்லைத்தீவு: கருவாட்டுக் கழிவு சும்மா கிடைக்குது. அரைச்சுப் போடலாந்தானே?

உப்பைப் பாருங்கள். கருவாட்டில் 20 வீதம் உப்பு இருந்து, 100 கிலோ தீனில் அதை 5 கிலோ கலந்தால் ஒரு கிலோ உப்பு போகிறது. தேவை 300 கிராம். எச்சம் தண்ணியாகும், கூட்டுத் தரை ஊறும், குஞ்சுகள் செத்தும் போகலாம். உப்புப் போடாமல் அவித்து வெயிலில் உலர்த்திய சிறுமீன்தான் சரி. லேயருக்கு 5 கிலோவுக்கு மேல் போனால் முட்டையில் மீன் மணம் பிடிக்கும். இறைச்சிக் கோழிக்குக் கடைசிக் கிழமைகளில் நிறுத்திவிடுங்கள்.

பூநகரி: கோது கையில எடுக்க நொறுங்குது. லேயர் தீன்தான் போடுறன்.

ஒரு கோதுக்கு 2 கிராமுக்கு மேல் கல்சியம் வேண்டும். கோது கட்டுவது பெரும்பாலும் இரவில். தூளாக இருக்கும் கல்சியம் அதற்குள் குடலைக் கடந்துவிடும். கற்கண்டுத் துண்டுபோல 2–4 மில்லிமீற்றரில் உடைத்த சிப்பி இரைப்பையில் தங்கிக் கரையும். கரையோரத்தில் இருக்கிற உங்களுக்குச் சிப்பிக்குப் பஞ்சமில்லை. கழுவி, காயவைத்து, இடித்து, பின்னேரம் தனிப் பாத்திரத்தில் வையுங்கள்.

வெக்கையும் ஒரு காரணம். வாய் திறந்து இளைக்கும் கோழி இரத்தத்திலுள்ள கரியமில வாயுவை இழக்கிறது, கோதுக்கான காபனேற்று குறைகிறது. தீனும் குறைவாகத் தின்னும். விடியவும் வெயில் தாழவும் தீன் போடுங்கள். 50 கோழிக்குச் சாதாரண நாளில் 12–15 லீற்றர் தண்ணீர், சோளகக் காலத்து வெக்கையில் 20க்கு மேல், நிழலில்.

கிளிநொச்சி: 100 புறொயிலருக்கு எத்தனை மூட்டை?

ஆறு கிழமைக்கு ஒன்றுக்கு 4.2 கிலோ வைத்துப் பாருங்கள். 50 கிலோ மூட்டையில் எட்டரை. இதில் 21 நாள் வரை ஸ்ராட்டர் (தொடக்கத் தீன்) ஏறக்குறைய 120 கிலோ, மிகுதி ஃபினிஷர் (முடிவுத் தீன்). நிறை 2.3 கிலோவுக்குக் குறைந்தால் முதலில் தீன் சிந்துவதைப் பாருங்கள்: தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கே தீன் போட வேண்டும்.

ஒட்டுசுட்டான்: ஊர்க்கோழிக்குக் கறையான் மட்டும் போதுமோ?

குஞ்சுக்கு அருமையான புரதம், ஆனால் கிடைக்கிற நாளில்தான். முதல் எட்டுக் கிழமைக்குக் குஞ்சுத் தீனும் கொடுங்கள். பெரிய கோழி மேய்ந்து வரும். பின்னேரம் 40–50 கிராம் நெல் அல்லது சோளம் போதும்.

மாங்குளம்: மாரியில தீன் கட்டி பிடிக்குது. வெயில்ல காயவைச்சுப் போடலாமோ?

காய்ந்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கும், அது விட்ட அஃப்ளாடொக்சின் நஞ்சு போகாது. ஈரலைத் தின்றுவிடும், சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் கூடுதலாக வரும். கட்டியானதை மாட்டுக்கும் போடாமல் புதையுங்கள், பாலிலும் அது வரும். சோளத்தை ஈரம் 13 வீதத்துக்குக் கீழே காயவைத்து வாங்குங்கள்: பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கார்த்திகை, மார்கழியில் இரண்டு கிழமைக்கு மேல் போகிற அளவு வாங்கி வைக்காதீர்கள்.