நனையாத துவக்குக்குக் கறள் எங்கிருந்து வந்தது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகள் 10 மீட்டர் எயார் ரைபிள் சுடும் போட்டிக்குப் பழகுகிறாள். கிளப்பில் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். கிழமைக்கு இரண்டு நாள் அதில் போட்டு ஓட்டோவில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறோம். கனடாவில் இருக்கும் தம்பி, 'துணிப்பை சரிவராது, பெட்டி வாங்கு' என்கிறான். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இன்னொன்று, அப்பாவின் பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக் குழல் துவக்கு. லைசன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நல்ல தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம். போன கிழமை எடுத்துப் பார்த்தால் குழல் முழுக்கக் கறள் புள்ளி. ஒரு துளி மழை படவில்லை ஐயா, எப்படி வந்தது? இரண்டுக்கும் என்ன வாங்குவது?"

கறள் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது விளங்கினால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

துவக்கு நனையவில்லை என்கிறீர்கள். நனைந்தது உறை. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75 வீதத்துக்கு மேல்தான். வெள்ளவத்தையில் கடல் உப்பும் அதோடு சேர்கிறது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் யன்னல் கம்பிகள் என்ன பாடுபடுகின்றன என்று பாருங்கள். அந்தக் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தோலும் அதன் உள்ளே இருக்கும் மெத்தென்ற துணியும் மெல்ல மெல்லக் குடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்குத் தோலைப் பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும். அந்த உறையை இரும்புக் குழலில் இறுகச் சுற்றி மூன்று மாதம் இருட்டில் வைத்தால் வேறென்ன நடக்கும்? பழைய வேட்டைக்காரர்களின் தோல் இடுப்புப் பட்டியில் கிடந்த தோட்டாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளை அடி பச்சையாகக் களிம்பு பூத்துப்போய் இருக்கும். அதற்கும் காரணம் இதுதான்.

நானும் இதில் அடிபட்டுத்தான் படித்தேன். பயிற்சி முடிந்து வரும்போது நல்ல மழை. பை மேலே மட்டும்தான் நனைந்தது, உள்ளே ஈரமில்லை என்று நினைத்து அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். நான்காம் நாள் சிப்பைத் திறந்தால், குழலின் ஒரு பக்கத்தில் பையின் உள்துணியுடைய நெசவு அப்படியே அச்சுக் குத்தியதுபோல் செம்மண் நிறத்தில் விழுந்திருந்தது. குறுக்கு இழை, நெடுக்கு இழை எல்லாம் எண்ணலாம். எண்ணெய் போட்டுத் துடைத்தேன், நிறம் போனது. தடம் இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே துணிப்பையோ தோல் உறையோ விலையுயர்ந்த பெட்டியோ, எல்லாமே பயணத்துக்குத்தான். துவக்கைக் குடிவைப்பதற்கு அல்ல. வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுங்கள், துடையுங்கள், அதன் இடத்தில் வையுங்கள். பையைத் திறந்தபடி காற்றாட மாட்டிவிடுங்கள்.

அந்த இடம் எது? உங்களிடம் இருக்கும் காசை முதலில் போடவேண்டியது இங்கேதான். சுவரோடு போல்ட் அடித்த, நல்ல பூட்டுள்ள இரும்பு அலுமாரி. உடுப்பு அலுமாரி வேண்டாம். அதன் திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கடல் பக்கத்துச் சுவரும் குளியலறைச் சுவரும் வியர்க்கும், அவற்றை விட்டு உள்சுவரில் பொருத்துங்கள். நிலத்திலிருந்து நான்கு விரல் உயர்த்துங்கள், கொழும்பு மழையில் எந்த வீட்டுக்குள் எப்போது தண்ணீர் வரும் என்று யார் கண்டது. தோட்டாக்கள் அதே அலுமாரிக்குள் வரக்கூடாது. வேறு பெட்டி, வேறு பூட்டு, வேறு திறப்பு. உள்ளே வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் துவக்கை மடித்துத் திறந்து இரண்டு குழலையும் கண்ணால் பார்க்க வேண்டும். நேற்றும் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில்லை.

அப்பாவின் துவக்கைக் குழல் வாய் கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். பலருக்கு இது விசித்திரமாகப் படும். வாய் மேலே பார்த்தால் போட்ட எண்ணெய் எல்லாம் மெல்ல இறங்கி, இரும்பும் மரமும் சேரும் கழுத்தில் தேங்கும். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த மரம் ஊறிப்போய், ஒரு நாள் வெடித்த அதிர்வில் பிளந்துவிடும். எண்ணெய் என்றதும் நினைவு வந்தது, தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாளில் காறிப் பிசின் மாதிரி ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் மெல்லியது, சீக்கிரம் வடிந்துவிடும். துவக்குக்கென்றே வரும் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினால் நெடுங்காலம் போகும். கடைசியாக ஒரு துடைப்பு, அதன்பின் வெறுங்கை படக்கூடாது. நம்முடைய விரல் ரேகையும் உப்புத்தானே.

இப்போதுள்ள கறளுக்கு, மிக மெல்லிய நான்கு சைபர் (0000) இரும்புப் பஞ்சை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள். மேலோடு போய்விட்டால் நல்லது. நகம் தட்டுப்படும் குழியாக இருந்தாலோ குழலுக்குள்ளே புள்ளி தெரிந்தாலோ, தெரிந்த திருத்துநரிடம் காட்டும்வரை அதில் ஒரு வெடிகூட வைக்காதீர்கள். அவரிடம் கொண்டுபோவதும் அப்பாவாகவே இருக்கட்டும். லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் துவக்கு வீதிக்கு வரவேண்டும், அசல் பத்திரமும் கூடவே வரவேண்டும். நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். லைசன்ஸ் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டிய ஒன்று. டிசம்பர் கடைசியில் ஓடித்திரியாமல் முன்கூட்டியே பாருங்கள்.

சரி, மகளின் எயார் ரைபிளுக்கு வருவோம்.

தம்பி சொல்வது கனடாவுக்குச் சரி. உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், காலி வீதியில் ஓட்டோ, ரைபிள் உங்கள் மடியில். துணிப்பை போதும். ஆனால் அது நல்ல துணிப்பையாக இருக்கவேண்டும். குழல் வாய் முட்டும் மூலையில் உள்ளே தடித்த ஒட்டு இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள், பை முதலில் கிழிவது அங்கேதான். குறிபார்க்க உதவும் பின்பக்கக் குறிகாட்டியைக் கழற்றித் தனியே ஒரு சிறிய டப்பாவில் வையுங்கள். ஓட்டோ ஒரு குழியில் விழுந்தால் போதும், அதுதான் முதலில் அடிவாங்கும். போட்டிகளில் குண்டு இல்லை என்று காட்டக் குழலுக்குள் செருகும் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கொடி, எயார் ரைபிளுக்கு முழுக் குழலையும் கடந்து வெளியே தெரியும் நீளமானது, பைக்குள்ளும் போட்டபடியே இருக்கட்டும். குழல் வெறுமை என்று திறந்தவுடனே தெரியும்.

பெட்டி எப்போது தேவை? ரைபிள் உங்கள் கையைவிட்டு இன்னொருவர் கைக்குப் போகும்போது. வெளியூர்ப் போட்டிக்கு வேனின் டிக்கியில் மற்றப் பொதிகளோடு போனால், அல்லது விமானத்தில் ஏற்றினால். கட்டுநாயக்கவில் அது பொதிப் பகுதிக்குத்தான் போகும், பூட்டிய கடினப் பெட்டியில். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்துச் சம்மதம் எடுக்கவேண்டும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக் கடிதத்துக்கும் நேரத்தோடு ஓடவேண்டும். எயார் ரைபிளின் காற்றுச் சிலிண்டரை வெறுமையாக்கிக் கொண்டுபோகச் சொல்வார்கள். தோட்டா கொண்டுபோவோருக்கு ஆளுக்கு 5 கிலோ என்பது சர்வதேச வரம்பு.

வாங்கும் நாள் வந்தால் பெட்டியைத் திறந்து ஃபோமில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் நல்லது. உறிஞ்சிக்கொண்டால் அது திறந்த துவாரமுள்ள ஸ்பொன்ச் ரகம், உங்கள் தோல் உறை செய்த வேலையையே செய்யும். அதுவும் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக வரும் மலிவு ஃபோம் நம் வெக்கையில் சில வருடத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். கலியாணத்துக்கு என்று பத்திரமாக எடுத்துவைத்த சப்பாத்தின் அடி மண்டபத்து வாசலில் கழன்று விழுமே, கிட்டத்தட்ட அதே பொருள், அதே வியாதி.

மூடி ஓரத்தில் இறப்பர் வளையம் இருந்தால், காற்றை விடும் ஒரு சிறு திருகும் இருக்கவேண்டும். அது இல்லாத பெட்டியை விமானத்தில் கொண்டுபோன நண்பர் ஒருவர் இறங்கியபின் மூடியைத் திறக்க இருவரைக் கூப்பிடவேண்டி வந்தது. மேலே இருக்கும்போது உள்ளிருந்த காற்று கசிந்து வெளியேறி, கீழே வந்ததும் வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பயன்படுவதும் இப்படி இறுக மூடும் பெட்டிக்குள்தான். துணிப்பைக்குள் போட்டால் கொழும்பு முழுவதையும் உலர்த்தப் பார்த்து இரண்டொரு நாளில் தோற்றுப்போகும். நிறம் மாறியதும் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணிநேரம் காயவைத்தால் திரும்பப் பாவிக்கலாம்.

நீளம் அளக்கும்போது உள்நீளத்தை அளங்கள். வாங்கும் முன் ஒரு ஓட்டோவுக்குள் குறுக்கே வைத்தும் பாருங்கள், பாதி வெளியே நீட்டினால் அந்தப் பெட்டி உங்களுக்கு உதவாது. அப்பாவின் பன்னிரண்டு போருக்கு அந்தக் கவலை இல்லை. குழலையும் பிடியையும் கழற்றினால் 80 சென்ரிமீற்றர் சொச்சம் நீளமுள்ள பெட்டியில் அடங்கிவிடும், பார்ப்பவருக்குச் சாதாரண சூட்கேஸ்தான். துவக்குக் கம்பனியின் ஸ்டிக்கர் எதையும் அதில் ஒட்டிவிடாதீர்கள்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். பயிற்சிக்கூடம் ஏசி என்றால், முடிந்ததும் பையை உடனே வெளியே திறக்கக்கூடாது. 23 பாகையில் குளிர்ந்த இரும்பு நம் வெளிக்காற்றைத் தொட்டதும், பிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி வியர்த்துவிடும். மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அரை மணிநேரம் விட்டு, அப்புறம் திறந்து துடைக்கட்டும். அதற்குள் ஒரு தேத்தண்ணீர் குடிக்கலாம்.